ஸ்பீக்கர் வயர் விசாரம்

மோட்டார் காரிலும் படகிலும் சங்கீதம் கேட்கப் பிரியப்படுவோர், ஸ்பீக்கரைப் பற்றியும் ஆம்ப்ளிஃபயரைப் பற்றியும் அல்லும் பகலும் விசாரித்துவிட்டு, இரண்டையும் இணைக்கும் வயரை மாத்திரம் கடைக்காரரின் கிருபைக்கு விட்டுவிடுவதால், அந்த அநாதை வஸ்துவின் லட்சணங்களைச் சாஸ்திரோக்தமாக நிர்ணயிப்பது அவசியமாகிறது.

முதலில் ஸ்தூலம். அமெரிக்கக் கேஜ் முறையில் எண் ஏற ஏறக் கம்பி மெலியும். அச்சில் இழுத்து இழுத்து மெலிவித்த தடவைகளின் கணக்கில் பிறந்த எண்ணாகையால் இந்த விபரீதம். 12 கேஜின் குறுக்குப் பரப்பு 3.3 சதுர மில்லிமீட்டர். 18 கேஜுக்கு 0.82. பருத்ததே உத்தமம் என்பது பூர்வபட்சம். ஆனால் 4 மீட்டர் தள்ளியிருக்கும் 4 ஓம் ஸ்பீக்கருக்கு, 18 கேஜ் செம்பு போக வர 8 மீட்டர் ஓடினாலும் அதன் தடை 0.17 ஓம்தான், நூற்றுக்கு நாலு பங்கு வோல்டேஜ் வழியிலேயே கரைந்துபோனதை, கண்ணாடியை இறக்கிவிட்டு அண்ணா சாலை ஹாரன்களுக்கு நடுவே கண்டுபிடிக்கும் செவியைப் பிரம்மா இன்னும் படைக்கவில்லை. 2 ஓம் சப்வூஃபருக்கு வேண்டுமானால் பருமனுக்குப் பணம் கொடுக்கலாம்.

சூட்சுமம் நிறத்தில் இருக்கிறது. புறம் சிவந்து அகம் வெளுத்தது, செம்பு போர்த்திய அலுமினியம். அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பினுடையதில் சுமார் 61 சதவீதமே. புறம் வெளுத்து அகம் சிவந்தது, வெள்ளீயம் பூசிய செம்பு. உலகமோ முன்னதைச் செம்பென்று கொண்டாடி, பின்னதை அலுமினியமென்று ஒதுக்குகிறது.

ஒதுக்கப்பட்ட அதுவே படகுக்கு உரியது. செம்புக்குக் களிம்பு கூடவே பிறந்ததென்று கண்ட சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்கு அதையே திருஷ்டாந்தமாக்கினார்கள். உப்புக் காற்றில் அந்த மலம் விரைந்து பரிபாகமடைகிறது. நுனியில் நுழைந்த ஈரம் இழைகளின் இடுக்கு வழியே உறைக்குள் ஏறிவிடுவதால், வெளியே பளபளக்கும் வயரை ஒரு சாண் உரித்தால், உள்ளே இழைகள் கரியாய்க் கறுத்து, விரல் பட்டதும் பொடிகின்றன. சித்தாந்திகள் இதற்கு இரசகுளிகையைச் சொன்னார்கள். படகுக்காரர்களுக்கு, பித்தளைப் பாத்திரத்துக்குப் போல, ஈயப் பூச்சே போதும்.

இனிப் பிரமாணம். “எல்லாம் ப்யூர் காப்பர்தான் சார்” என்பதை ஆப்த வாக்கியமாகக் கொள்ளாமல், பேனாக்கத்தியால் ஓர் இழையைச் சுரண்டிப் பார்ப்பதே பிரத்தியட்சம். சுரண்டிய மீட்டருக்குக் கடைக்காரர் காசு கேட்டால் தர்க்கம் பண்ணாமல் கொடுத்துவிட வேண்டும். கத்தியைக் கண்டதுமே, “இருங்க சார், உள்ளே வேற அயிட்டம் இருக்கு” என்று பரணை நோக்கி ஏணியைச் சாத்துபவரும் உண்டு. அவர் இறக்கிவரும் சுருளையும் சுரண்டத்தான் வேண்டும்.