நாமக்கல்காரன் பறவை பார்த்த கதை

நாமக்கல் பக்கம் பிறந்தவனுக்குப் பறவை என்றால் லேயர், பிராய்லர் என்று ரெண்டே ஜாதி. லேயர் வருஷத்துக்கு 300 முட்டை வரை போடும். பிராய்லர் குழம்புக்குப் போகும். ரெண்டிலும் சேராதது எல்லாமே எனக்குக் காக்கா.

இந்த ஞானத்தோடுதான் பொங்கல் லீவில் மகளைக் கூட்டிக்கொண்டு சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குப் போனேன். 2015-லிருந்து தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டி பொதுமக்களே பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். குறைந்தது 15 நிமிஷம் பார்த்து, எண்ணி, இபேர்ட் ஆப்பில் ஏற்ற வேண்டும். குடும்பத்தோடு 15 நிமிஷம் வேறெதையும் நோண்டாமல் நின்றது எங்கள் வீட்டில் கரண்ட் போனபோது மட்டும்தான்.

மூக்கனேரி, சேர்வராயன் மலைச்சரிவின் மழைத்தண்ணி வந்து சேருகிற ஏரி. சீரழிந்து கிடந்ததை 2010-ல் சேலம் சிட்டிசன்ஸ் ஃபோரம் என்ற அமைப்பு கையில் எடுத்தது. தூர் வாரிய மண்ணை லாரி ஏற்றி அனுப்பிவிடாமல், ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். சுத்தியும் தண்ணி நின்றால் நாய் எட்டாது, நம்ம ஆளும் லேசில் எட்டமாட்டான். பறவை நிம்மதியாக அடையும். என்ன மூளை பாருங்கள்! நானும் அந்தச் சமயத்தில் ஏரிக்கரைக்குப் போனவன்தான். 'லேக் வியூ' பிளாட் சதுரடி என்ன விலை என்று விசாரிக்க.

கடன் வாங்கின பைனாகுலரில் முதலில் தெரிந்தது என் கண்ணிமை முடி. "இதையும் லிஸ்ட்ல போடவா?" என்றாள் மகள்.

கரையோரம் சேத்து நிறத்தில் ஏதோ கிடந்தது. "அங்க என்னப்பா?" என்றாள். "மண்ணாங்கட்டி, கண்ணு" என்றேன். மண்ணாங்கட்டி வெள்ளை வெளேரென்று இறக்கையை விரித்துப் பறந்தது. பக்கத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா, "மடையானுங் தம்பி" என்றார். ஒரு விநாடி, என்னைத்தான் சொல்கிறாரோ என்று நினைத்தேன்.

விட்ட மானத்தை முக்குளிப்பானில் பிடித்துவிடலாம் என்று இறங்கினேன். குட்டியாக, வாலே இல்லாத மாதிரி, தண்ணியில் மிதக்கிற பறவை. இங்கே ஒன்று, அங்கே ஒன்று, திட்டுக்குப் பின்னால் ஒன்று. விரல்விட்டு எண்ணி, பெருமையாக "பதினொண்ணு!" என்றேன்.

"ஒண்ணுதாம்ப்பா. முங்கி முங்கி வேற இடத்துல எந்திரிக்குது."

ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிகிற அதிகபட்ச எண்ணிக்கையைத்தான் எழுதணுமாம். முங்கி எழுந்ததையெல்லாம் கூட்டினால் ஏரி கொள்ளாது. இதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எனக்குச் சொல்ல ஆளில்லை. பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு எப்போதும் என் வீட்டுக்காரிதான் போவாள்.

மகள் தன் லிஸ்ட்டில் நாமக்கோழி, நீர்க்காகம், கரிச்சான் என்று ஓட்டிக்கொண்டே போனாள். என் லிஸ்ட்டை நானே தனியாக ஏற்றினேன். கடைசியில் ஆப் ஒரு கேள்வி கேட்டது: உங்களுக்கு அடையாளம் தெரிந்த பறவைகள் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டீர்களா?

காக்கா, மைனா. 'ஆம்' என்று மனசாட்சிக்கு விரோதமில்லாமல் அமுக்கினேன்.