கொலைகாரனைத் தப்பவிடும் வாசகர்: ஓர் ஆய்வு

முன்னுரை: வரலாற்றுத் துப்பறியும் நாவலையும் அறிவியல் வரலாற்று நூலையும் மாற்றி மாற்றி வாசிப்பவர்கள் ஒரு தனி இனம். ஆய்வுலகம் இவர்களைக் கண்டுகொள்ளாமல் இருப்பது பெருங்குறை. அக்குறை இத்துடன் நீங்குகிறது.

வகைப்பாடு: இவ்வினத்தார் மூவகைப்படுவர். பென்சிலோடு வாசிப்பவர், பின்னிணைப்பை முதலில் வாசிப்பவர், வாசித்ததை வீட்டாருக்கு விளக்குபவர். மூன்றாம் வகையினர் பற்றிய தரவுகளை வீட்டாரே தாராளமாகத் தந்து உதவுகின்றனர்.

கருதுகோள்: கொன்றது யார் என்பது இவர்களுக்குப் பொருட்டே அல்ல. கதை நடக்கும் ஆண்டில் இல்லாத பொருளைக் கதைக்குள் கடத்திவரும் ஆசிரியர்தான் இவர்கள் தேடும் குற்றவாளி.

சான்று ஒன்று: உம்பர்த்தோ எக்கோவின் 'ரோஜாவின் பெயர்' 1980இல் வெளிவந்தது. கதை நடப்பதோ 1327இல், இத்தாலிய மடாலயம் ஒன்றில். அங்கே துப்பறிய வந்த துறவி வில்லியம் மூக்குக்கண்ணாடி மாட்டுகிறார். மற்றவர்கள் அடுத்துச் சாகப்போவது யாரென்று பக்கத்தைப் புரட்டுவார்கள். நம்மவர் புத்தகத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டு அறிவியல் வரலாற்று அலமாரிக்குப் போவார். இத்தாலியில் மூக்குக்கண்ணாடி தோன்றியது ஏறத்தாழ 1286இல். ஆக, வில்லியம் மாட்டிக்கொள்ளலாம். அடுத்த பிணம் விழவும் இனித் தடையில்லை.

சான்று இரண்டு: ஆர்சனிக். இங்கிலாந்தில் ஜார்ஜ் பாடில் என்ற முதியவர் காப்பி குடித்து இறந்தார், பேரன்மேல் வழக்கு. காப்பியைச் சோதித்த வேதியியலர் ஜேம்ஸ் மார்ஷுக்கு விஷத்தைக் காட்டும் மஞ்சள் வீழ்படிவு கிடைத்தது. ஜூரி பார்ப்பதற்குள் அது கெட்டுப்போயிற்று, பேரன் விடுதலையானான். கொன்றது தான்தான் என்று பின்னாளில் அவனே ஒப்புக்கொண்டான். மார்ஷ் விடவில்லை. கெடாத சான்று தரும் சோதனையை உருவாக்கி 1836இல் வெளியிட்டார். சந்தேகத்துக்குரிய பொருளோடு துத்தநாகமும் அமிலமும் சேர்த்து, எழும் வாயுவைக் கொளுத்தி, சுடர்மேல் குளிர்ந்த பீங்கானைக் காட்டினால், ஆர்சனிக் பளபளக்கும் கருங்கறையாகப் படியும். எனவே 1820இல் நடக்கும் கதையில் மருத்துவர் பீங்கானைப் பிடித்தால், வாசகர் ஆசிரியரைப் பிடிப்பார். ஸ்காட்லாந்து யார்டில் 1901க்கு முன்பே கைரேகைப் பிரிவைத் திறந்துவைக்கும் ஆசிரியருக்கும் இதே கதிதான்.

மறுப்பும் விடையும்: இவர்களுக்குக் கதையை ரசிக்கத் தெரியாது என்பர் சிலர். பொருந்தாது. மார்ஷின் வரலாற்றில் பிணம் உண்டு, விஷம் உண்டு, தப்பிய குற்றவாளி உண்டு, தோற்றும் விடாத துப்பறிவாளர் உண்டு. நாவலில் கொலைகாரன் பிடிபட்டால் கதை முடிந்தது. மார்ஷின் கதையில் அவன் தப்பியதால்தான் ஓர் அறிவியலே தொடங்கியது. இரு அலமாரிக்கும் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு ஒரே விலையில் இரண்டு துப்பறியும் கதைகள் கிடைக்கின்றன.

முடிவு: கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. நாவலாசிரியர்களுக்கு இவ்வாய்வின் பரிந்துரை ஒன்றே: யாரை வேண்டுமானாலும் கொல்லுங்கள், ஆண்டைச் சரிபார்த்துவிட்டுக் கொல்லுங்கள்.