கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்: ஒரு நன்றிக் கடிதம்

பெருமதிப்பிற்குரிய மகளிர் நோய்ப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை என்று தங்கள் பிரிவு மறுபடியும் கண்டறிந்து சொன்னதற்கு நன்றி. மாதத்தில் பாதி நாள் ரத்தம் பட்டுக்கொண்டே இருப்பதும், அடிவயிற்று வலியில் சுவரைப் பிடித்து நடப்பதும் என் சொந்த முயற்சி என்று தெளிந்துவிட்டது.

தங்கள் வைத்திய முறை எளிமையானது. பத்தொன்பது வயதில் வந்தேன். ‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’ என்றீர்கள். ஆனது. ‘ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்.’ பிறந்தது. இப்போது நாற்பதை நெருங்குகிறேன். ‘இன்னும் கொஞ்ச நாள்தானே, நின்றுவிடும்.’ மருந்துச் செலவே இல்லை. மாப்பிள்ளைச் செலவு மட்டும் அப்பா தலையில் விழுந்தது.

ஸ்கேன் அறை வாசலையும் மறக்க முடியாது. பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்து, முட்டிகளை இறுக்கிக்கொண்டு ஸ்டீல் பெஞ்சில் காத்திருந்தோம். ‘யாருக்கு யூரின் டைட்டா இருக்கு?’ என்று ஆயாம்மா வராந்தா முழுக்கக் கேட்கக் கூவினார். கையைத் தூக்கினேன். ‘இன்னும் கொஞ்சம் டைட்டாகட்டும்.’ அத்தனை பாட்டுக்கும் கிடைத்த தீர்ப்பு, ‘நார்மல்’. கருப்பைக்கு வெளியே படரும் எண்டோமெட்ரியோசிஸ் ஸ்கேனில் சிக்காமலே போகலாம். ஸ்கேன் நார்மல் என்பதாலேயே அது இல்லை என்று சொல்லிவிட முடியாது. இனப்பெருக்க வயதுப் பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு அது உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தப் பெயரைத் தங்கள் அறையில் யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை.

முறையற்ற ரத்தப்போக்கின் காரணங்களைச் சர்வதேச மகப்பேறு, மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு 2011-லேயே ஒன்பது வகையாகப் பிரித்துவிட்டது. பாலிப், அடினோமயோசிஸ், நார்த்திசுக்கட்டி, புற்றுநோய், கருமுட்டை வெளிவருவதில் கோளாறு என்று அது போகும். பத்தாவதாக ‘டென்ஷன்’ என்று கண்டுபிடித்த பெருமை தங்களுடையது. அந்த ஒன்பதில் ரத்தம் உறைவதில் கோளாறும் ஒன்று. 1926-ல் எரிக் வான் வில்லிபிராண்ட் பின்லாந்தில் ஒரு குடும்பத்தைப் பார்த்து அப்படியொரு நோயைப் பற்றி எழுதினார். அவர் பரிசோதித்த சிறுமி, வயதுக்கு வந்த சில மாதங்களிலேயே மாதவிலக்கு ரத்தப்போக்கில் இறந்துபோனாள். ‘பல் பிடுங்கினால் ரத்தம் நிற்க நேரமாகுமா?’ என்று கேட்கக் காசா, பணமா?

கடைசியாக வந்தது ஒரு யோசனை: ‘குழந்தைதான் இருக்கே, பையை எடுத்துடலாம்.’ திருடனைப் பிடிக்க முடியாத போலீஸ், களவு போன வீட்டை இடித்த மாதிரி. திருடன் பக்கத்து வீட்டில் இருந்தால்? தேவையில்லாமல் கருப்பையை அகற்றுவதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் உத்தரவிட்டது. வேலைப்பளுவில் தங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

ஒரு சிறு விண்ணப்பம். ஓ.பி. சீட்டில் ‘வலி எப்போது வருகிறது, எத்தனை நாள் ரத்தம் படுகிறது’ என்று எழுத ஒரு வரி ஒதுக்குங்கள். இடம் போதாதென்றால் கணவர் பெயருக்கான கோட்டைச் சுருக்கிக்கொள்ளலாம். அவருக்கு வலி ஏதும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நார்மல் நோயாளி