காக்கை மீது கொலைப்பழி

மகளின் ஆங்கிலப் பாடத்தில் அன்று விலங்குக் கூட்டங்களின் பெயர்கள். சிங்கங்கள் சேர்ந்தால் 'ப்ரைட்', அதாவது பெருமை. காட்டு ராஜா, இருந்துவிட்டுப் போகட்டும். மீன்களுக்கு 'ஸ்கூல்'. "அதுங்களுக்கும் யூனிஃபார்ம் உண்டாப்பா?" என்றாள். காக்கைகளுக்கு வந்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. 'மர்டர்'. கொலை!

மொட்டை மாடியில் அம்மா அமாவாசைச் சோறு வைத்து, "கா... கா..." என்று என் அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இப்படியெல்லாம் பெயர் வைத்தது யாரென்று தேடினேன். 1486இல் இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸில் அச்சான ஒரு நூல். வேட்டை, வல்லூறு பழக்குதல், குலச்சின்னம் என்று பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கான பாடங்கள் அதில் உண்டு. கூடவே இப்படிப்பட்ட பெயர்களின் பட்டியல். வேட்டைக்குப் போன இடத்தில் சொல்லை மாற்றிச் சொன்னால் குறி தப்பியதைவிடப் பெரிய மானக்கேடு.

விலங்குகளோடு நிறுத்தியிருக்கலாம். மனிதர்களையும் விடவில்லை. மனைவியர் கூடினால் 'பொறுமையின்மை'. கன்னியாஸ்திரீகள் கூடினால் 'தேவைக்கு மேல்'. நூலை எழுதியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னியர் மடத் தலைவி என்பது மரபு. மடத்தில் அன்றைக்குச் சோறு போதவில்லை போலிருக்கிறது.

மீன்களின் 'ஸ்கூல்' மட்டும் நிரபராதி. கூட்டம் என்று பொருள்படும் பழைய டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. பள்ளிக்கூடத்தோடு ஒட்டுமில்லை, உறவுமில்லை. மகள் முகம் வாடிவிட்டது.

நமக்கு ஆட்டுக்கு மந்தை, எறும்புக்குச் சாரை, பசுவுக்கு நிரை என்று சில உண்டு. மற்றபடி யானையோ கல்யாண வீடோ ரேஷன் கடையோ, எல்லாம் கூட்டம்தான். நம்மவர்கள் மெனக்கெட்டது குட்டிகளுக்கு. தொல்காப்பியத்தின் மரபியல் பார்ப்பு, பறழ், குருளை, மறி என்று இளமைப் பெயர்கள் ஒன்பதை வரிசைப்படுத்தி, எது எதற்கு என்று விதியும் வகுக்கிறது.

"வேட்டைக்காரன் கூட்டத்தைப் பார்ப்பான், வளர்க்கிறவன் கன்றைப் பார்ப்பான்" என்று என் தத்துவத்தை ஆரம்பித்தேன். மகள் பென்சிலால் மேஜையைத் தட்டினாள். "காக்கா கூட்டத்துக்கு என்ன பேருன்னு பாட்டியையே கேட்டுக்கறேன்."

காலி இலையோடு இறங்கி வந்த அம்மா யோசிக்கவே இல்லை.

"பேரா? முதல்ல வந்தது உங்க தாத்தா. நொண்டிக்கிட்டு வந்தது பெரியத்தை. வடையை மட்டும் தூக்கிட்டுப் பறந்தது உங்க கொள்ளுத்தாத்தா. அவருக்கு எப்பவும் அவசரம்தான்."