கட்டற்ற மென்பொருளாரின் ஐந்திணை: கேளம்பாக்கம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கட்டற்ற மென்பொருள் குழு ஒன்று கூடியவுடன், நிரல் எழுதுவதற்கு முன்னால் ஒரு கேள்வி எழுந்தே தீரும்: ‘நாம எங்க பேசிக்கலாம்?’ விடை கிடைப்பதற்குள் நிரல் எழுத வந்தவர்கள் கலைந்துவிடுவார்கள். எங்கே பேசுவது என்று பேச வந்தவர்கள் மட்டும் எஞ்சுவார்கள். இவ்வரிய நிகழ்வைத் தமிழ் மரபின்படி வகைதொகை செய்யாமல் விட்டிருப்பது நம் துறைக்கு இழுக்கு.

முன்னோடி ஆய்வு ஒன்று உண்டு. 1957இல் நார்த்கோட் பார்க்கின்சன் ஒரு கமிட்டியைக் கற்பனை செய்து காட்டினார். ஒரு கோடி பவுண்டு அணு உலைக்கு அது இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் தருகிறது. 350 பவுண்டு சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டுகிறது. உலை யாருக்கும் புரியாது, கொட்டகை எல்லாருக்கும் புரியும். 1999இல் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளக் குழுவுக்கு பவுல்-ஹென்னிங் காம்ப் எழுதிய மடல் இதை நினைவூட்டியதிலிருந்து ‘பைக்‌ஷெட்’ என்பது மென்பொருளாரிடையே வசைச்சொல்லாகவே புழங்குகிறது. பார்க்கின்சனிடம் ஒரே குறைதான்: அவருக்குத் திணை தெரியாது.

ஆய்வுக் களம் கேளம்பாக்கம். பழைய மகாபலிபுரம் சாலையில் வண்டலூர்ச் சாலையும் கோவளம் சாலையும் வந்து சேரும் இடம். வடக்கே சிறுசேரி சிப்காட், பக்கத்தில் படூர், வண்டலூர்ச் சாலைக் கல்லூரிகள். ஆகவே மடிக்கணினிக்கும் கருத்துக்கும் பஞ்சமில்லை. ஊரை ஒட்டி உப்பளங்கள் இருப்பது இக்களத்தைத் தேர்ந்ததற்கு இரண்டாவது காரணம். அதன் பொருத்தம் போகப்போக விளங்கும். ஆய்வு முறை: தொல்காப்பியம், பொருளதிகாரம்.

களத்தின் இயல்புப்படி நெய்தலில் தொடங்குவோம். நிலம் கடல் சார்ந்தது, உரிப்பொருள் இரங்கல். இதற்குரிய தளம் மெயிலிங் லிஸ்ட். ‘உபுண்டு போட்டபின் வைஃபை எடுக்கவில்லை’ என்று ஒரு மடலை அனுப்பிவிட்டு, அந்தி சாயும்வரை இன்பாக்ஸைப் பார்த்து இரங்குவது இந்நிலத்தார் ஒழுக்கம். பதில் வரும். ஆனால் அது வைஃபை பற்றியதாக இராது. ‘பதிலை மேலே எழுதாதீர், கேள்விக்குக் கீழே எழுதுக’ என்ற கண்டிப்பாக இருக்கும். சென்னையில் இந்நிலத்தின் தொல்குடி, 1998 ஜனவரியிலிருந்து இருந்துவரும் இந்திய லினக்ஸ் பயனர் குழு. அதன் மடல்கள் நெடுங்காலம் ஐஐடி மெட்ராஸின் வான்வெளிப் பொறியியல் துறை முகவரியில் குடியிருந்தன; பின்னர் ஃப்ரீலிஸ்ட்ஸ் தளத்துக்குக் குடிபெயர்ந்தன. விமான இறக்கையை ஆராயும் துறையின் நிழலில் பிரிண்டர் டிரைவர் பற்றிய புலம்பல்கள் பத்திரமாக வளர்ந்தது தமிழகக் கணினி வரலாற்றின் அழகுகளில் ஒன்று.

உப்பளத்துக்கு வருவோம். பாத்தியில் நீர் தேங்கி, மெல்லக் காய்ந்தால்தான் உப்பு படியும். ஆறப்போட்டுப் பேசும் தளத்திலும் ஏதோ படிகிறது என்பது என் துணிபு. சான்று: தமிழ் எழுத்துகளுக்கு ஆளுக்கொரு குறியாக்கம் வைத்திருந்த 1990களின் பின்பாதியில், சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம், மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறன் முதலானோர் மின்மடல் குழுவிலேயே வாதாடி வடித்தெடுத்ததுதான் திஸ்கி. யூனிகோடு ஊன்றும்வரை இணையத் தமிழைத் தாங்கியவற்றுள் அதுவும் ஒன்று. அதே வாதம் இன்று ஒரு வாட்ஸாப் குழுவில் நடந்திருந்தால், மூன்றாம் நாள் யாரோ ஒருவரின் பிறந்தநாள் வந்து எல்லாம் முடிந்திருக்கும்.

அடுத்து முல்லை. உரிப்பொருள் இருத்தல். 1988இல் பின்லாந்தில் யார்க்கோ ஒய்கரினன் ஆக்கிய ஐஆர்சி அரட்டை இதற்கு உரியது. இணைப்பு அறுந்த நேரத்தில் வந்த சொல் உங்களுக்கு இல்லை. ஆகவே போனவர் வருவார் என்று திரையை அணைக்காமல் ஆற்றியிருப்பதே கற்பு. இதற்கென்றே இரவுபகல் ஓடும் தனிச் சர்வர் வைத்திருப்போர் உண்டு. அவர்கள் மற்றவர்களை மதிப்பதில்லை.

குறிஞ்சிக்கு உரிப்பொருள் புணர்தல், பொழுது யாமம். வாட்ஸாப், டெலிகிராம் இரண்டும் இதன்பாற்படும். நள்ளிரவு 12 மணிக்குக் கேட்டால் 12.01க்குப் பதில், விடிந்தால் அது எங்கே போயிற்று என்று கேட்டவருக்கும் தெரியாது. சிரிப்புக்கு அப்பால் ஒன்று சொல்ல வேண்டும். வாட்ஸாப் குழுவில் சேர்ந்ததும் தன் கைபேசி எண் முன்பின் தெரியாத நூறு பேருக்குப் போகிறது என்பதாலேயே கல்லூரிப் பெண்கள் பலர் சேர்வதில்லை. குழுவில் ஏன் பெண்களே இல்லை என்று அதே குழுவில் ஆண்கள் விவாதிப்பார்கள்.

மருதம், டிஸ்கோர்ஸ் என்னும் மன்ற மென்பொருள். 2013இல் வந்தது, வரப்பு கட்டிய வயல்போல் பகுப்பு, தலைப்பு, நம்பிக்கை நிலை எல்லாம் அடுக்கி வைத்தது. உரிப்பொருள் ஊடல்: தன் பதிவை மட்டுறுத்துநர் வேறு பகுப்புக்கு மாற்றிவிட்டார் என்று முகம் திருப்பிக்கொள்வது. என்னைக் கேட்டால் விடையைப் பிறகு தேடி எடுக்க இதைவிடத் தோதான இடம் இல்லை. ஆனால் யாரும் கேட்பதில்லை.

பாலைக்குத் தனி நிலம் கிடையாது. மற்ற நிலங்கள் தம் இயல்பு திரிந்தால் அது பாலை. உரிப்பொருள் பிரிதல். யாகூ குழுமங்கள் இவ்வாறே திரிந்தன. தமிழர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதிக் குவித்த இழைகள் முன்பே அழிக்கப்பட்டுவிட, 2020 டிசம்பரில் அந்நிலம் முற்றிலும் மூடப்பட்டது. 2021 மே மாதம் ஃப்ரீநோடு என்ற ஐஆர்சி வலையமைப்பின் ஆட்சி யாருக்கு என்ற தகராறில், அதை நடத்திவந்த தன்னார்வலர்கள் மொத்தமாக வெளியேறி லிபெரா சாட் கண்டார்கள். முல்லை ஒரே வாரத்தில் பாலையானது. ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் பதினாயிரம் செய்திகள்வரை கண்ணில் படும் என்றிருந்தது, 2022 செப்டம்பரில் 90 நாள் என்றானது. 91ஆம் நாள் தலைவன் பொருள்வயின் பிரிகிறான். ஓராண்டுக்குள் சந்தா கட்டினால் திரும்பி வருவான்.

அகத்திணை ஏழு என்பதால் இரண்டு மிச்சம். கைக்கிளை, ‘வரும் ஞாயிறு கூட்டம், அனைவரும் வருக’ என்று எல்லாத் தளங்களிலும் ஒட்டிவிட்டு எதிர்மொழி பெறாத அட்மினின் காதல். பெருந்திணை, பொருந்தாக் காமம்: மூல நிரலைத் திறந்து காட்டாத டிஸ்கார்டில் உட்கார்ந்து மென்பொருள் விடுதலை பற்றி முழங்குவது.

இனி நடைமுறை. எந்தக் குழுவும் பழைய தளத்தை விட்டுப் புதியதற்குப் போவதில்லை. பழையதோடு புதியதையும் வைத்துக்கொள்கிறது. இதற்கு மேட்ரிக்ஸ் என்னும் அரட்டைத் தளத்தின் அன்பர்கள் சொல்லும் மருந்து ‘பாலம்’: ஒரு தளத்தில் பேசியதை மற்றொன்றுக்குக் கடத்தும் நிரல். ஆறு தளங்களை நேருக்கு நேர் இணைக்கப் பதினைந்து பாலங்கள் வேண்டும். மேட்ரிக்ஸை நடுவில் வைத்தால் ஆறு போதும் என்பார்கள். அப்போது தளம் ஏழு. தொல்காப்பியர் இதை முன்பே கண்டு வைத்திருக்கிறார். திணை மயங்கலாம், நிலம் மயங்காது என்பது அவர் முடிபு. சொல் பாலம் கடக்கும். இதயக்குறி, திருத்தம், ஸ்டிக்கர், வாக்கெடுப்பு ஆகிய நிலத்துக்குரிய கருப்பொருள்கள் அக்கரையில் ஒழுங்காகப் போய்ச் சேர்வதில்லை.

இதற்கெல்லாம் தீர்வாக மாதம் ஒருமுறை நேரில் கூடலாம் என்று களத்தில் ஒரு முன்மொழிவு எழுந்தது. கேளம்பாக்கத்தார் கேளம்பாக்கம் என்றனர். தாம்பரத்தார் ரயில் வரும் ஊரே ஊர் என்றனர். குரோம்பேட்டையார், கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் தங்கள் எம்ஐடி வளாகத்தில் இயங்கியதைக் காட்டி வரலாற்று உரிமை கோரினர். இடத்தை முடிவுசெய்ய டெலிகிராமில் வாக்கெடுப்பு வைக்கப்பட்டது. ஐஆர்சி பக்கம் பாலத்தின் வழியே போனது ஒரு வெற்று வரி. அங்கிருந்தோர் அதை மறுமொழியின்றிக் கடந்தனர். அது அவர்களின் ஒப்புதலாகக் கணக்கில் சேர்க்கப்பட்டது.