திட்டமொழியின் மலையேற்றம்: கள்ளக்குறிச்சி முதல் வெள்ளிமலை வரை ஓர் ஆராய்ச்சி

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாகக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறுகிறவர்கள் மரம் மாறுவதைச் சொல்வார்கள், காற்று மாறுவதைச் சொல்வார்கள். சொல் மாறுவதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அந்தக் குறையை நீக்கவே இந்த ஆராய்ச்சி.

அடிவாரத்தில் ‘ரோடு’ என்றிருப்பது மலைமேல் நடக்கும் திட்டக் கூட்டத்தில் ‘சாலை இணைப்பு வசதி’ ஆகிவிடுகிறது. சாமையை உமி நீக்கி விற்றால் அது ‘சிறுதானிய மதிப்புக்கூட்டுச் சங்கிலி’. கடுக்காய் பொறுக்கும் அம்மாள் ‘சிறுவன மகசூல் சார்ந்த வாழ்வாதாரப் பயனாளி’. மரவள்ளிக் கிழங்கு மட்டும் இன்னும் மரவள்ளிக் கிழங்காகவே இருக்கிறது. ஆத்தூர் பக்கத்துச் சேகோ ஆலைக்காரர்கள் அதை எடை போட்டுக் காசு கொடுத்து வாங்குவது காரணமாக இருக்கலாம். உயரம் கூடக்கூடக் காற்று லேசாகிறது, சொல் கனக்கிறது. இதற்கு ‘உயர விதி’ என்று பெயர் சூட்டினேன்.

சூட்டிய கையோடு மறுப்பும் வந்தது. மலையிலேயே பிறந்து வளர்ந்த மலையாளிப் பழங்குடியினர் பேச்சில் இந்தச் சொற்களைக் காணோம். (கேரளத்தார் அல்லர், மலையில் வாழ்பவர்.) மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் என்ற நீளத்தை இந்தப் பக்கத்துச் சனங்கள் ‘ஏரி வேலை’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார்கள். ஏரியே இல்லாத இடத்தில் நடந்தாலும் அது ஏரி வேலைதான். ஆகவே இச்சொற்கள் மலையில் விளைந்தவை அல்ல, ஜீப்பில் ஏறி வந்தவை என்று விதியைத் திருத்திக்கொள்கிறேன்.

ஜீப் புறப்பட்ட இடத்தைத் தேடினால் வாஷிங்டன் வரை போகவேண்டியிருக்கிறது. உலக வங்கியின் 1946 முதல் 2012 வரையிலான ஆண்டறிக்கைகளை ஃபிராங்கோ மொரெட்டி, டொமினிக் பெஸ்ட்ரே என்ற இருவர் சொல் சொல்லாக ஆராய்ந்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். ஆரம்பத்தில் துறைமுகம், ரயில்பாதை, எஃகு என்று பேசிய அறிக்கைகள் போகப்போகக் கையால் தொட முடியாத பெயர்ச்சொற்களில் மிதக்கத் தொடங்கின. ‘அண்ட்’ என்ற ஆங்கிலச் சொல் நூற்றுக்கு 2.6இலிருந்து ஏறக்குறைய 7 ஆகியிருந்தது. 2017இல் வங்கியின் தலைமைப் பொருளியலாளர் பால் ரோமர், 2.6க்கு மேல் ‘அண்ட்’ இருந்தால் அறிக்கைக்கு அனுமதி தரமாட்டேன் என்றார். சீக்கிரமே ஆராய்ச்சிப் பிரிவின் நிர்வாகம் அவர் கையை விட்டுப் போயிற்று. 2018இல் பொருளியல் நோபல் பரிசு வாங்கினார், ‘அண்ட்’டுக்காக அல்ல.

நம் ஊருக்கு அது ‘மற்றும்’ என்ற வேடத்தில் வந்து சேர்ந்தது. தொல்காப்பியர் ‘மற்று’ என்னும் இடைச்சொல்லுக்குக் கொடுத்த வேலை இரண்டுதான்: வினைமாற்று, அசைநிலை. ஒரு செயலை விட்டு வேறொன்றுக்குத் தாவலாம், அல்லது பொருளின்றிச் சும்மா நிற்கலாம். ‘விழிப்புணர்வு மற்றும் திறன் மேம்பாடு மற்றும் கண்காணிப்பு’ என்ற வரியில் அது இரண்டையும் ஒருசேரச் செய்கிறது. நன்னூலில் பவணந்தி முனிவர், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களில் ‘வெற்றெனத் தொடுத்தல்’, ‘நின்று பயனின்மை’ இரண்டையும் சேர்த்தார். திட்ட அறிக்கை பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே அதைத் திருத்தி மதிப்பெண் போட்டுவிட்டார் என்று கொள்ளலாம்.

ஆனால் ‘மற்றும்’ வெறும் கூட்டாளி. முதல் குற்றவாளி ‘-ப்படும்’. ‘பி.டி.ஓ. வருவார்’ என்றால் வராத அன்று பி.டி.ஓ.வைக் கேட்கலாம். ‘ஆய்வு மேற்கொள்ளப்படும்’ என்றால் யாரைப் போய்க் கேட்பது? இந்த வினைக்கு எழுவாய் கிடைக்காது, படுபவர்கள் மட்டும் கிடைப்பார்கள். வண்டி போகாத சிற்றூரிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கி வருகிறவர்கள் அவர்கள்.

எனவே ‘எப்போ சோதனை’ என்ற முறையைப் பரிந்துரைக்கிறேன். தேவையான கருவி, ஊர்ப் பெரியவர் ஒருவர்.

“பெரியவரே, உங்க பகுதியில இணைப்பு வசதி வலுப்படுத்தப்படும்.”

“சரிங்க சார்.”

சோதனை தோல்வி. அடுத்த வாக்கியம்:

“பெரியவரே, பொங்கலுக்குள்ள தார் ரோடு போட்ருவோம்.”

“எந்தப் பொங்கலுக்குங்க சார்?”

வெற்றி. திருப்பிக் கேட்க இடம் கொடுக்கிற எழுத்தே எளிய எழுத்து. கனத்த சொல்லில் எழுதுகிறவர்களுக்கும் இது தெரியும் என்பது என் பலத்த சந்தேகம். தமிழ் தெரியாமல் யாரும் ‘வலுப்படுத்தப்படும்’ என்று எழுதுவதில்லை.

எளிமை மட்டும் இருந்தால் போதும் என்றும் சொல்வதற்கில்லை. 1976 வரை இந்த மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. அவர்கள் போட்ட உத்தரவு யாருக்கும் புரியாமல் போயிருக்காது. திருப்பிக் கேட்கத்தான் முடிந்திருக்காது.

2024 ஜூனில் கள்ளச்சாராயம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகு, கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்தது. அங்கே பேச்சு சாலை, ரேஷன் அட்டை, பேருந்து என்று போயிற்று. கேட்கிறவர் நீதிபதி என்றால் பதிலும் எளிதாகிவிடுகிறது.

மலையில் அப்படிக் கேட்கும் உரிமை கிராம சபைக்கு உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் அது கூடவேண்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி நில உரிமைக் கோரிக்கைகளை முதலில் பார்த்துத் தீர்மானம் போடுவதும் கிராம சபைதான். அடுத்த கூட்டத்தில் ஊராட்சிச் செயலர் தீர்மானம் வாசிக்கும்போது ‘-ப்படும்’ வருகிற இடத்திலெல்லாம் நிறுத்துங்கள். யாரு, எப்போ, எவ்வளவு என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதி முடிக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.