பழைய காருக்குள் பிற எஞ்சின் புகுத்தல்: காட்டுப்பள்ளி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பழைய கார் ஒன்றை வாங்கி, அதன் எஞ்சினை இறக்கிவிட்டு, அதற்குச் சற்றும் உறவில்லாத வேறொன்றை ஏற்றும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுநாளாக உண்டு. யாப்புக்கும் அணிக்கும் இலக்கணம் கண்ட மொழியில் இதற்கும் ஒன்று இருக்கட்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம் சென்னைக்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளி. ஒரு பக்கம் வங்கக்கடல், மறுபக்கம் பக்கிங்ஹாம் கால்வாய். நடுவே கப்பல் கட்டும் தளம், சரக்குத் துறைமுகம், 2010-இல் திறந்த, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் வடிக்கும் அளவில் அமைந்த கடல்நீர் ஆலை. பக்கத்துக் காமராஜர் துறைமுகத்தில் புத்தம்புதுக் கார்கள் வரிசையாகக் கப்பலேறுகின்றன. அவற்றில் நமக்கு அக்கறை இல்லை. களத் தேர்வுக்குக் காரணம் இரண்டு. கப்பல் தகடு ஒட்டிப் பழகிய வெல்டர்கள் இங்கே கிடைப்பார்கள். அடுத்தது உப்புக்காற்று. வேலையைத் தள்ளிப்போட்டால் எஞ்சின் இருக்கும், அதை வைக்கக் கார் இருக்காது.

தரவாகக் கொள்ளத்தக்கது கான்டெஸா. 1984-இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் இதைக் கொண்டுவந்தபோது உடல் பிரிட்டனின் வாக்ஸ்ஹால், எஞ்சினோ அம்பாசடரில் இருந்த அதே 1489 சிசி. பெரிய உடம்புக்குள் சின்ன மூச்சு. மேடேறும்போதெல்லாம் உரிமையாளர் மனதில் இந்த ஆய்வின் கருதுகோள் தானாகவே உருவாகிவிடும்.

அடுத்த கட்டம் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டை. அங்கே எதுவும் கிடைக்கும் என்பதால், எது வேண்டும் என்று முடிவு செய்வதுதான் கடினம். அடக்கமானவர்கள் இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சினைத் தேடுவார்கள். நம் வகைமாதிரி உரிமையாளர் அப்படிப்பட்டவர் அல்லர். டெம்போ ட்ராக்ஸின் 2.4 லிட்டர் டீசலில் கண் வைப்பார். அது டைம்லர் பென்ஸின் ஓஎம்616 வழிவந்தது, பஜாஜ் டெம்போ உரிமம் பெற்றுச் செய்தது. பென்ஸ் கார் கட்டுபடியாகாதவருக்குப் பென்ஸ் எஞ்சின் கட்டுபடியாகும் என்பது இந்தியப் பொருளாதாரத்தின் அதிகம் பேசப்படாத உண்மை.

செயின் பிளாக்கில் தொங்கும் இரும்பு மெல்ல இறங்குகிறது. கிராஸ் மெம்பரில் சம்ப் முட்டுகிறது. மேலே பானெட் மூட மறுக்கிறது. இங்கே ஆய்வுலகம் இரண்டாகப் பிரிகிறது. சம்பை வெட்டி ஒட்டி எஞ்சினைத் தாழ்த்துவது கீழ்நோக்கு மரபு. பானெட்டில் ஓட்டை போட்டுத் திமில் வைப்பது மேல்நோக்கு மரபு. இரு தரப்பாரும் ஒரே டீக்கடையில் அமர்ந்தாலும் ஒருவர் வெல்டிங்கை மற்றவர் பாராட்டியதற்குச் சான்று இல்லை.

பிறகு எஞ்சின் அமர ஃபவுண்டேஷன் கட்ட வேண்டும். பெல் ஹவுசிங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே லேத்தில் ஒரு தகடு கடைய வேண்டும். அதன் மையம் நூலளவு பிசகினாலும் கிளட்ச் பழிவாங்கும். கியர்பாக்ஸ் இடம் மாறினால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி நீளம் குறைத்து, பேலன்ஸ் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் கொஞ்சம் வேகமெடுத்ததும் கண்ணாடியில் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரியும். டீசலுக்கு மாறுகிறவர்கள் மறக்கும் சங்கதி ஒன்றுண்டு. பெட்ரோல் எஞ்சின் மூச்சிழுக்கும்போது உண்டாகும் வெற்றிடத்தில்தான் பிரேக் பூஸ்டர் வேலை செய்கிறது. டீசலில் அந்த இழுப்பு இல்லை. தனியாக வேக்குவம் பம்ப் வேண்டும். வண்டி நிற்காதபோதுதான் பலருக்கு இது நினைவு வருகிறது.

கால அளவு பற்றி: “சின்ன வேலைதாண்ணே, பொங்கலுக்குள்ள எடுத்துடலாம்” என்பார் மெக்கானிக். எந்தப் பொங்கல் என்று கேட்பது களப்பணி நெறிக்குப் புறம்பானது.

இனி முன்னாய்வாளர்கள். ஷெட்காரர்களைத்தான் முதற்குற்றவாளிகள் என்று நினைக்கிறோம். உண்மையில் இந்தக் கலையின் குருமார்கள் தொழிற்சாலைகளே. 1985-இல் சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் வெளியிட்ட ஸ்டாண்டர்டு 2000-ஐப் பாருங்கள். உடல் ரோவர் எஸ்டி1, 1977-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார். உள்ளே 1991 சிசி எஞ்சின், 1940களின் வான்கார்டு காரிலிருந்து வழிவழியாக வந்தது. அதன் பங்காளி ஃபெர்குசன் டிராக்டரில் உழுதுகொண்டிருந்தது. இங்கிலாந்தில் ரோவருக்குப் பெருமை சேர்த்த வி8 மட்டும் சொந்தமா? அமெரிக்க பியூக்குக்காக வார்த்ததை 1960களில் விலைக்கு வாங்கினார்கள். பிரீமியர் 118 என்இ, ஃபியட் 124-இன் உடலில் 1171 சிசி நிஸான். அந்த ‘என்இ’ நிஸான் எஞ்சின்தான் என்பார்கள். திருவொற்றியூரில் தயாரான புல்லட்டே டாரஸ் என்ற பெயரில் டீசல் குடித்தது. கான்டெஸாவுக்கும் சில ஆண்டுகளில் கம்பெனியே இசுசு எஞ்சினை மாட்டியது; 1992-இல் அம்பாசடருக்கும்.

சட்டம் இதை வேறு விதமாகப் பார்க்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. ஆகவே 1984 கான்டெஸாவில் கம்பெனி இசுசு வைத்தால் புது மாடல். உரிமையாளர் வைத்தால் குற்றம். பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் இந்த வாதத்தை எடுத்து வைக்குமாறு எவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சாலைக்குக் கொண்டுவராமல் சொந்த மனையில் ஓட்டிப் பார்ப்பதே ஆய்வாளருக்கு அழகு.

சைவ மரபிலும் முன்னுதாரணம் உண்டு. சாத்தனூரில் இறந்துகிடந்த மூலன் என்ற இடையரின் உடலில் கயிலையிலிருந்து வந்த சித்தர் புகுந்தார். உயிர் வேறு, ஆனால் உலகம் உடலின் பெயரைத்தான் கொண்டது, திருமூலர் என்று. அந்த நியாயத்தில் சேஸிஸ் நம்பர் போதும். மூலனின் மனைவி கணவரின் இயல்பே வேறாகிவிட்டதைக் கண்டுகொண்டார் என்பதையும் மறைக்கக் கூடாது; இன்ஸ்பெக்டர்கள் அந்த அம்மையார் கட்சி.

எஞ்சியிருப்பது இறக்கிய எஞ்சின். கான்டெஸாவிலிருந்து வந்த 1489 சிசியைச் சாக்கு போட்டு மூடி, ஷெட் மூலையில் வைத்திருப்பார்கள். காயலான் கடை விலைக்குத்தான் போகும் என்று உரிமையாளர் நினைத்திருப்பார். ஆனால் இப்போது பழைய கார்களை ‘ஒரிஜினலாக’ மீட்கும் கூட்டம் ஒன்று கிளம்பியிருக்கிறது. எஞ்சின் மாற்றிய அம்பாசடர்களுக்குள் மறுபடியும் பழைய எஞ்சினைத் தேடித் தேடி வைக்கிறார்கள். நல்ல விலை. அப்படி ஒருவர் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டதாக மெக்கானிக் சொன்னார்.

“எங்க போச்சு?”

“எங்கயும் போகலண்ணே. அந்த அம்பாசடரும் நம்ம ஷெட்லதான் நிக்குது. பொங்கலுக்குள்ள எடுத்துடலாம்னு சொல்லியிருக்கேன்.”